கட்டிலுக்கு வெளியே, கருணைக்கு உள்ளே

மாலை மயங்கும் வேளையில் மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவின் பக்கமோ, தியாகராய நகரின் உட்தெருக்களிலோ, அடையாறு காந்தி நகரிலோ நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணாமல் வீடு திரும்ப முடியாது. கழுத்துப்பட்டையும் சங்கிலியும் பூண்ட நாய்கள், தம்மை வளர்ப்போரை இழுத்துக்கொண்டு உலா வருகின்றன.

நாய் வளர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தமிழ் மண்ணிலேயே பெயர் பெற்ற நாயினங்கள் உண்டு. இராசபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால் அவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. தோட்டத்திலும் வாசலிலும் கிடந்தவை. இன்றைய நகரத்து நாயின் கதை வேறு. தோட்டமும் திண்ணையும் இல்லாத அடுக்குமாடி வீட்டில் அது வாசலிலிருந்து கூடத்துக்கு வந்தது. கூடத்திலிருந்து படுக்கையறைக்கு வந்தது. இப்பொழுது கட்டிலின் மேலேயே ஏறிவிட்டது. வளர்ப்பவரின் தலையணையில் தலைவைத்து, அவருடைய போர்வைக்குள் முடங்கி உறங்கும் நாய்கள் பல வீடுகளில் உண்டு.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இதைக் காண்கின்றனர். எதிர்வீட்டு நாய் வாலை ஆட்டி ஓடி வருகிறது, கையை நக்குகிறது, பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்காகக் காத்திருக்கிறது. “ஹஜ்ரத், அது நல்ல நாய்தானே? நாம் மட்டும் ஏன் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது?” என்று மதரஸாவில் சிறுவர்கள் கேட்கின்றனர். இக்கேள்விக்குப் பெரியவர்களிடமிருந்து பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. ஒன்று, “சீ, நஜீஸ்!” என்ற அதட்டல். மற்றொன்று, “காலம் மாறிவிட்டது, அதெல்லாம் பார்த்தால் முடியுமா?” என்ற அலட்சியம். முதல் பதில் பிள்ளையின் கையில் கல்லைக் கொடுக்கிறது. இரண்டாவது பதில் அதன் உள்ளத்திலிருந்து மார்க்கத்தின் மதிப்பை எடுத்துவிடுகிறது. இரண்டும் அல்லாத நேரான பதில் நம் மார்க்கத்திலேயே இருக்கிறது.

கட்டிலின் அடியில் ஒரு குட்டி

நாயும் கட்டிலும் சேர்ந்து இடம்பெறும் செய்தி ஒன்று ஹதீஸ் நூல்களில் உண்டு. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வருவதாக ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு வாக்களித்திருந்தார்கள். நேரம் வந்தது, அவர்கள் வரவில்லை. அண்ணலார் கவலையுற்றார்கள். பின்னர் பார்த்தபோது கட்டிலின் அடியில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. இது எப்பொழுது உள்ளே வந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவ, தமக்குத் தெரியாது என்று அவர்கள் விடையளித்தார்கள். குட்டி வெளியே அனுப்பப்பட்டது. அதன்பின் ஜிப்ரீல் (அலை) வந்தார்கள். நாயும் உருவப்படமும் உள்ள வீட்டில் தாங்கள் நுழைவதில்லை என்று காரணம் கூறினார்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பில், குட்டி இருந்த இடத்தில் அண்ணலார் தம் கையாலேயே தண்ணீர் தெளித்ததாகவும் உள்ளது. இரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானவை.

இங்கே வராமல் போகும் வானவர்கள் அருளைக் கொண்டுவரும் வானவர்களே. மனிதனின் செயல்களைப் பதிவு செய்யும் வானவர்கள் எங்கும் அவனைவிட்டு நீங்குவதில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கியுள்ளனர். முஸ்லிமின் படுக்கை வெறும் பஞ்சு மெத்தை அன்று. உளூவோடு படுத்து, ஓதி ஊதி, அல்லாஹ்வின் பெயரால் கண்மூடும் இடம். தஹஜ்ஜுதுக்காக எழும் இடம். வானவரின் வருகையை விரும்பும் வீடு, அந்த வருகைக்குத் தடையானதை வெளியே வைக்கிறது. கட்டிலின் அடியில் அறியாமல் நுழைந்த குட்டியே வெளியேற்றப்பட்டது என்றால், கட்டிலின் மேல் அறிந்தே ஏற்றி வைப்பதைப் பற்றித் தனியே சொல்லவும் வேண்டுமோ?

மேலும், கால்நடைக் காவல், வேட்டை, வேளாண்மை ஆகிய தேவைகள் இன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறைகிறது என்னும் எச்சரிக்கையும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இத்தேவைகளோடு ஒப்பிட்டு, வீட்டுக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ளலாம் என்று அறிஞர் பலர் அனுமதித்துள்ளனர். காவல் நாய்க்கு இடம் வாசல், கட்டில் அன்று.

இது எல்லை, இழிவன்று

இந்த இடத்தில் நம்மவருள் பலர் ஒரு பெரும் தவற்றைச் செய்துவிடுகின்றனர். வீட்டுக்குள் விடக்கூடாது என்ற சட்டத்தை, வெறுக்க வேண்டும் என்ற கட்டளையாக மாற்றிவிடுகின்றனர்.

திருக்குர்ஆனைத் திறந்து பாருங்கள். மாயிதா அத்தியாயம், பழக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கிறது. வேட்டை நாயும் இதில் அடங்கும். வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் கஹ்ஃப் அத்தியாயத்தில் குகைவாசிகளுடன் ஒரு நாய் வருகிறது. அது குகையின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்ததாக இறைவன் அறிவிக்கிறான். அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் எண்ணிச் சொல்லும் ஒவ்வொரு கணக்கிலும் அந்த நாயும் சேர்த்து எண்ணப்படுகிறது. அது உள்ளே படுக்காமல் வாசலில் கிடந்ததற்கு, நாய் உள்ள இடத்தில் வானவர்கள் நுழைவதில்லை என்பதை இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் தொடர்புபடுத்திக் காட்டுகிறார்கள். நாயைப் பற்றிய நம் மார்க்கத்தின் நிலை முழுவதும் இக்காட்சியில் அடங்கிவிடுகிறது. அது படுத்தது வாசலில், எண்ணப்பட்டதோ நல்லோர்களுடன்.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் நீர் முகந்து வந்து புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்பதும், பனூ இஸ்ராயீல் சமூகத்தில் நடத்தை கெட்ட பெண்ணொருத்திக்கும் இதே போன்ற செயலால் மன்னிப்புக் கிடைத்தது என்பதும் புகாரியில் உள்ளவை. உயிருள்ள எதற்கு உதவினாலும் கூலி உண்டு என்பதே அண்ணலார் அங்கே கற்பித்த பாடம். அண்ணலாரின் காலத்தில் பள்ளிவாசலுக்குள் நாய்கள் வந்து போனதும் உண்டு. அதற்காக எவரும் தண்ணீர் தெளிக்கவில்லை என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

மதீனாவில் நாய்களைக் கொல்ல ஆணையிடப்பட்ட செய்தியைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்த ஆணை பின்னர் விலக்கப்பட்டதையும் அதே முஸ்லிம் நூல் பதிவு செய்துள்ளது. முற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தெருநாயின் மீது கொதிநீர் ஊற்றுவோர், பிற்பாதியையும் படிக்கக் கடமைப்பட்டவர்கள்.

அன்றாடச் சிக்கல்கள்

சகோதரிகள் அடிக்கடி கேட்பது இதைத்தான்: “லிஃப்டில் அடுத்த வீட்டு நாய் உரசிவிட்டது, உளூ முறிந்துவிட்டதா?” முறியாது. நாயைத் தொடுவது உளூவை முறிக்கும் காரியங்களுள் ஒன்றன்று. நஜீஸ் பட்டதா என்பதே கேள்வி.

ஷாஃபி மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் நஜீஸ். ஆனால் இருபுறமும் உலர்ந்திருந்தால் அசுத்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாது. ஈரத்தோடு பட்டால், அல்லது நாய் நக்கினால், அந்த இடத்தை ஏழு முறை கழுவவேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். ஹனஃபி மத்ஹபில் எச்சில் நஜீஸ். ஏற்கப்பட்ட கருத்தின்படி உடல் அவ்வாறன்று. எச்சில் பட்டதை மூன்று முறை கழுவுவது கடமை, ஏழு முறை கழுவுவது சிறப்பு. மாலிக்கி மத்ஹபிலோ நாய் தூய்மையானதே. அது நாவிட்ட பாத்திரத்தைக் கழுவுவது ஒரு வணக்கம் என்ற அடிப்படையில் செய்யப்படுகிறது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் வாழும் ஷாஃபிக் குடும்பமும், ஹனஃபிக் குடும்பமும் ஒரே மாடியில் இருக்கலாம். ஒருவர் கழுவும் முறையை மற்றவர் ஏளனம் செய்ய இடமில்லை. ஐயம் எழுந்தால் மஹல்லா இமாமைக் கேட்டுக்கொள்க.

மண்ணால் ஏன் கழுவவேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணம் தேடி அலைவோர் உண்டு. காரணம் கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் நாம் கழுவுவது ஆய்வுக்கூடத்தின் சான்றிதழுக்காக அன்று, ஆணையிட்டவருக்குக் கீழ்ப்படிவதற்காக.

மருத்துவர்கள் கூறுவது

மருத்துவ உலகின் கருத்தையும் மிகைப்படுத்தாமல் அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம் நாய் வளர்க்கும் 40 பேரின் உறக்கத்தை அளந்து 2017இல் ஆய்வு முடிவை வெளியிட்டது. நாய் படுக்கையறையில் இருந்தாலும் கட்டிலுக்கு வெளியே படுத்திருந்தபோது, படுக்கையில் கழித்த நேரத்தில் 83 விழுக்காடு உறக்கமாக இருந்தது. கட்டிலிலேயே படுத்தபோது அது 80 விழுக்காடு. வேறுபாடு சிறிதே, ஆயினும் கட்டிலில் நாய் இல்லாத உறக்கமே மேலானதாக இருந்தது.

படுக்கையறை வழியாக விலங்கிலிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களைப் பற்றி, அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் நடத்தும் ஆய்விதழில் 2011இல் ஒரு கட்டுரை வந்தது. இத்தகைய தொற்றுகள் அடிக்கடி நிகழ்வன அல்ல என்று அது நேர்மையாகவே ஒப்புக்கொண்டது. எனினும் இளம் குழந்தைகளும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் நாயோடு படுப்பதையும், முகத்தை நாய் நக்குவதையும் தவிர்க்கவேண்டும் என்று எச்சரித்தது. குட்டிகளின் வயிற்றில் உள்ள குடற்புழு, தோலில் ஒட்டும் படர்தாமரை, மயிரில் ஒளியும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் எல்லாம் போர்வைக்குள் வந்து சேரும்.

எல்லாவற்றிலும் கொடியது வெறிநாய்க்கடி நோய். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மனிதருக்கு இது பரவுவதில் 99 விழுக்காடு நாய்களாலேயே. கடித்தால் மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடாதீர்கள். ஆறாத புண்ணை நாய் நக்கினாலும், அதன் எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டாலும் அதை மிகக் கடுமையான பிரிவிலேயே அந்நிறுவனம் சேர்த்துள்ளது. கடியோ கீறலோ பட்டவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரித்த தண்ணீர் என்று ஒரு நாளையும் வீணாக்கவேண்டாம். நாய் அன்பானது, அறிந்தவர் வீட்டு நாய் என்ற காரணத்தால் ஊசியைத் தவிர்த்துவிடவும் வேண்டாம்.

இரண்டு நகரங்கள்

வீட்டுக்குள் விடாமலும் நாயிடம் அன்பாக இருக்க முடியுமா? முடியும் என்பதற்கு வரலாற்றில் இஸ்தான்புல் நகரம் சாட்சி. உஸ்மானியர் ஆட்சியில் அந்நகரத்து முஸ்லிம்கள் நாய்களை வீட்டுக்குள் ஏற்றவில்லை. ஆனால் தெருவில் அவற்றுக்கு உணவும் நீரும் வைத்தனர்; குட்டி ஈன்ற நாய்க்கு ஒதுங்க இடம் அமைத்துக் கொடுத்தனர். அங்கே சென்ற ஐரோப்பியப் பயணிகள் இதை வியந்து எழுதியுள்ளனர். நகரை நவீனமாக்குகிறோம் என்று புறப்பட்ட ஆட்சியாளர்களே 1910இல் பல்லாயிரக்கணக்கான நாய்களைப் பிடித்து மர்மரா கடலின் பாறைத் தீவொன்றில் விட்டனர். அவை பசியாலும் தாகத்தாலும் மடிந்தன. அந்த ஓலம் கரைவரை கேட்டதாகக் கூறுவர்.

நம் சென்னைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் இங்கே மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தியாகராய நகரில் தம் இல்லத்திலேயே தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதல் ஒரு மாற்று வழியைச் செய்து காட்டியது. நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவதே அவ்வழி. 1996இல் மாநகராட்சி அதை ஏற்றது; பின்னர் 2001இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டத்துக்கு வழிவகுத்தது. இவர்கள் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். எனினும் தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் வரலாற்றைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நாம், இப்பணியில் எங்கே நின்றோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

நாய் வளர்ப்போரின் கடமையும் இந்நகரில் இப்பொழுது கண்டிப்பாகியுள்ளது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதன்பின் உரிமம் பற்றிய பேச்சு வலுத்தது. 2025இன் இறுதியில், வளர்ப்பு நாய்க்கு உரிமமும் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றும், உரிமம் பெறாதோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் மாநகராட்சி அறிவித்தது. காவலுக்காக நாய் வைத்திருக்கும் நம்மவர்களும் இதைப் பேணவேண்டும்.

கட்டிலில் காலியான இடம்

இனி, உண்மையில் நம்மைச் சுடவேண்டிய கேள்விக்கு வருவோம். நாய் ஏன் கட்டிலில் ஏறியது?

நாகரிக மோகம் ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அன்று. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் எத்தனையோ வீடுகளில் மக்கள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்க, வயது முதிர்ந்த தாயோ தந்தையோ தனியே இருக்கின்றனர். அலைபேசியில் முகம் தெரியும். கையைப் பிடிக்க முடியாது. இரவில் அருகே மூச்சுவிடும் ஓர் உயிர் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் நாய் வந்து படுக்கிறது. அதைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் அந்த இடத்தைக் காலியாக விட்டவர்கள் யார்?

இந்நோய் நம் வீடுகளிலும் இல்லாமல் இல்லை. மகன் துபாயில், மகள் கோலாலம்பூரில், உம்மா இங்கே தனியே என்றுள்ள வீடுகளை நம் மஹல்லாக்களில் எண்ணிப் பாருங்கள். நம் வீட்டுக் கட்டிலில் நாய் இல்லை என்பது உண்மை. பேரன் பேத்தியாவது இருக்கிறார்களா? ஒரு வேளை உணவுக்கு உடன் அமர ஆளாவது உண்டா? வானவர் வரத் தடையில்லாத வீட்டில் பெற்ற மக்களே வருவதில்லை என்றால், நாம் எதைக் காத்தோம்?

பிள்ளைகளின் நிலையும் இதுதான். நாய்க்குட்டிக்காக அழுது அடம்பிடிக்கும் பிள்ளை பெரும்பாலும் கேட்பது நாயை அன்று. தன்னைக் கண்டதும் ஓடிவந்து மகிழும் ஒருவரை. எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் நான் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகக் கூறிய அக்ரஉ (ரலி) அவர்களிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படமாட்டாது என்ற பொருள்பட அண்ணலார் பதிலளித்தார்கள். இரவு பத்து மணிக்கு வந்து, கைபேசியைப் பார்த்தபடியே உறங்கிவிடும் வாப்பாக்கள் இதைச் சிந்திக்கவேண்டும். நாயைக் கட்டிலில் ஏற்றக் கூடாது என்று சட்டம் சொன்னால் போதாது. அந்த இடத்தில் நாம் அமர்ந்து, தலையை வருடி, ஒரு நபிமார் வரலாறு சொல்லி உறங்கவைக்க வேண்டும்.

உயிரினத்தோடு பழக விரும்பும் பிள்ளைக்குப் பூனை இருக்கிறது. பூனை நஜீஸ் அன்று, அது உங்களைச் சுற்றி வருவன‌வற்றுள் ஒன்று என்ற கருத்தில் அபூ கதாதா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. அதற்கும் தடுப்பூசி போடத் தவறாதீர்கள். தெருவிலிருந்து பிள்ளை ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்துவிட்டால், இரவோடு இரவாக வீசிவிட்டு வராதீர்கள். பால் கொடுத்து, வாசலில் இடம் கொடுத்து, மறுநாள் தாயிடமோ, அதைப் பேணும் அமைப்பிடமோ பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய்ச் சேருங்கள். சட்டத்தையும் கருணையையும் அப்பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும்.

அடுத்த வீட்டார்

நாய் வளர்க்கும் அண்டை வீட்டாரிடம் நாம் நடந்துகொள்ளும் முறையும் முக்கியமானது. நாய் உள்ள வீட்டில் நுழையாத அதே ஜிப்ரீல் (அலை) அவர்கள்தாம், அண்டை வீட்டாரைப் பற்றி இடைவிடாது அறிவுறுத்தினார்கள். அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று அண்ணலார் எண்ணும் அளவுக்கு அது இருந்தது (புகாரி, முஸ்லிம்). அவர்களின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு மற்றொரு சொல்லை விட்டுவிட நமக்கு உரிமையில்லை.

லிஃப்டில் நாயோடு ஒருவர் நின்றால் முகத்தைச் சுளிக்கவேண்டாம். “சார், தொழுகைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், நீங்கள் முதலில் போங்கள், நான் அடுத்ததில் வருகிறேன்” என்று புன்னகையோடு கூறினால் போதும், அவரே அடுத்த முறை நாயை இழுத்துப் பிடித்துக்கொள்வார். தனியே வாழும் முதியவர் நாயோடு இருக்கிறார் என்பதற்காக அவர் வீட்டுப் படியேறாமல் இருந்துவிடாதீர்கள். பெருநாள் அன்று அவருக்கும் ஒரு பாத்திரம் பிரியாணியோ, அவர் சைவ உணவினர் என்றால் இனிப்போ பழமோ போகட்டும். காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் போய் நலம் விசாரியுங்கள். கோடைக்காலத்தில் நம் வாசலுக்கு வெளியே ஒரு மண்சட்டியில் தண்ணீர் இருக்கட்டும். தெருநாய் குடித்துவிட்டுப் போகட்டும். அந்தச் சட்டியை நிரப்பும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

குகையின் வாசலில் கிடந்த அந்த நாயை நல்லோர்கள் விரட்டவுமில்லை. வாசலைக் கடந்து உள்ளே படுக்கவைக்கவுமில்லை. நம் வீட்டு வாசலும் அத்தகைய வாசலாக இருக்கட்டும். நம் கட்டில்கள் தூய்மையாகவும், நம் இல்லங்கள் பெற்றோரும் பிள்ளைகளும் நிறைந்தனவாகவும், நம் உள்ளங்கள் எல்லா உயிர்க்கும் இரங்குவனவாகவும் அமைய வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.